நெருக்கமா இருக்கற ஆன்டெனாக்களுக்கு நடுவுல கப்ளிங்க மெட்டாமெட்டீரியல் வெச்சு குறைக்கறது எப்படி

ஒரே போர்டுல ரெண்டு ஆன்டெனாவ நெருக்கி வெச்சா, ஒண்ணுக்கு குடுக்கற பவர்ல ஒரு பங்கு காத்துல போகாம இன்னொண்ணோட போர்ட்டுக்குள்ள போயிடும். மியூச்சுவல் கப்ளிங்னு சொல்றது இதத்தான், விஎன்ஏல (ஆன்டெனா அளக்கற நெட்வொர்க் அனலைசர்) எஸ்21னு தெரியறதும் இதுதான். -10 டிபின்னா பத்துல ஒரு பங்கு பவர் அந்தப் பக்கம் போச்சு, -20ன்னா நூத்துல ஒரு பங்கு, -30ன்னா ஆயிரத்துல ஒரு பங்கு. மைமோல (பல ஆன்டெனா வெச்சு ஒரே நேரத்துல பல டேட்டா ஸ்ட்ரீம் அனுப்பறது) இது ஜாஸ்தியானா தனித்தனியா இருக்க வேண்டிய ரெண்டு ஸ்ட்ரீமும் ஒண்ணுக்கொண்ணு கலந்துடும், ரேடார்ல ட்ரான்ஸ்மிட்டரோட லீக்கேஜ் நேரா ரிசீவர்ல போய் சின்ன எக்கோவ அமுக்கிடும்.

இதுக்கு மெட்டாமெட்டீரியல் (அலைநீளத்த விட சின்ன செம்பு வடிவங்கள அடுக்கி அலை போற விதத்த மாத்தறது) வெக்கறவங்க நிறைய பேர் செய்யறது என்னன்னா, ஒரு ஆராய்ச்சி பேப்பர்ல இருக்கற செம்பு வளையத்த எடுத்து அளவ மாத்தி ரெண்டு பேட்ச்சுக்கு (போர்டுல அடிச்ச தட்டையான செம்பு ஆன்டெனா) நடுவுல வெச்சு, எஸ்21 ஒரு இடத்துல குழியா இறங்கினதும் வேலை முடிஞ்சுதுன்னு நிறுத்திடறாங்க. நான் இங்க அழுத்தி சொல்ல வர்றது ஒண்ணுதான்: கப்ளிங் எந்த வழியா போகுதுன்னு முதல்ல கண்டுபிடிங்க, அந்த வழியில எந்த ஃபீல்டு எந்த திசையில இருக்குன்னு பாருங்க, அதுக்கப்புறம்தான் எந்த ஸ்ட்ரக்சர்னு முடிவு பண்ணணும். வரிசை மாறினா வளையம் சும்மா செம்பா உக்காந்திருக்கும்.

கையில பிடிச்சு பேச ஒரு உதாரணம் எடுத்துக்கலாம். 5.8 கிகாஹெர்ட்ஸ், அதாவது 5.725லேர்ந்து 5.875 வரைக்கும் இருக்கற ஐஎஸ்எம் பேண்டு, 1.6 எம்எம் எஃப்ஆர்4 போர்டு (சாதாரண ஃபைபர்கிளாஸ் சர்க்யூட் போர்டு), டைஎலக்ட்ரிக் கான்ஸ்டன்ட் 4.4ன்னு வெச்சுக்கறோம். காத்துல அலைநீளம் 51.7 எம்எம், பாதி 25.9. வழக்கமான பேட்ச் ஃபார்முலால போட்டா அகலம் சுமார் 15.7 எம்எம், நீளம் சுமார் 11.7 எம்எம் வரும். நீளவாக்குல கரண்ட் ஓடற மாதிரி ஃபீடு குடுத்திருக்கோம். ரெண்டு பேட்ச்சோட சென்டருக்கு நடுவுல பாதி அலைநீளம் இடைவெளி, அத விட நெருக்கமாவும் போகணும்னு ஆசை.

மெட்டாமெட்டீரியல தொடறதுக்கு முன்னாடி காசு செலவில்லாத வழிகள முடிச்சுடுங்க. ஒரு பேட்ச்ச 90 டிகிரி திருப்பி வெக்க முடியுமா, அதாவது போலரைசேஷன் வேற வேறயா இருந்தா பரவாயில்லையான்னு சிஸ்டம் பாக்கறவங்க கிட்ட கேளுங்க, முடியும்னா அதுவே பெரிய ஐசொலேஷன் குடுக்கும், வளையம் எல்லாம் தேவையே படாது. அதே மாதிரி பேட்ச்ச பக்கவாட்டுல அடுக்கறதா நீளவாக்குல அடுக்கறதாங்கறதும் முக்கியம். எலக்ட்ரிக் ஃபீல்டு இருக்கற திசையிலயே அடுத்தடுத்து வெச்சா அது ஈ-பிளேன் அடுக்கு, அதுக்கு குறுக்கா பக்கத்துல பக்கத்துல வெச்சா ஹெச்-பிளேன் அடுக்கு. ஓரத்துலேர்ந்து ஓரத்துக்கு இடைவெளி அலைநீளத்துல பத்துல ஒண்ணுக்கு மேல இருந்தா பொதுவா ஹெச்-பிளேன்லதான் கப்ளிங் கம்மி, அதுக்கும் கீழ ரொம்ப நெருங்கினா நிலைமை தலைகீழாகி ஈ-பிளேன்தான் தேவலைங்கற மாதிரி ஆயிடும். நம்ம உதாரணத்துல அந்த எல்லை 5 எம்எம் கிட்ட.

இப்ப வழி கண்டுபிடிக்கற வேலை. கப்ளிங் மூணு வழியா போகும்: சப்ஸ்ட்ரேட்டுக்குள்ள, அதாவது செம்புக்கு கீழ இருக்கற போர்டு மெட்டீரியலுக்குள்ள ஓடற சர்ஃபேஸ் வேவ், ரெண்டு ஆன்டெனாவும் பங்கு போட்டுக்கற கிரவுண்டுல ஓடற கரண்ட், அப்புறம் மேல காத்து வழியா நேரா. சிமுலேஷன்ல இத பிரிச்சு பாக்கறது ரொம்ப சுலபம், ஆனா யாரும் செய்யறதில்ல, அதான் எனக்கு வருத்தம். ரெண்டு பேட்ச்சுக்கு நடுவுல சப்ஸ்ட்ரேட்ட மட்டும் ஒரு பட்டை வெட்டி எடுத்து காத்தா மாத்துங்க, கிரவுண்ட் அப்படியே இருக்கட்டும், எஸ்21 நல்லா இறங்கினா சர்ஃபேஸ் வேவ்தான் ஆளு. அத பழையபடி வெச்சுட்டு கிரவுண்ட்ல மட்டும் நடுவுல ஒரு கீறல் போட்டு பாருங்க, மாறினா கிரவுண்ட் கரண்ட். மூணாவதா போர்டுக்கு மேல நடுவுல ஒரு உலோக சுவர் நிறுத்துங்க, அதுல குறைஞ்சா காத்து வழி. மூணும் கொஞ்சம் கொஞ்சம் கலந்துதான் இருக்கும், ஆனா பெரிசு எதுன்னு தெரிஞ்சுடும். எஸ்21ஓட பேஸும் (அலை தன் சுழற்சியில எந்த கட்டத்துல இருக்குங்கற கோணம்) ஒவ்வொரு தடவையும் குறிச்சு வெச்சுக்கோங்க, பின்னாடி உதவும்.

1.6 எம்எம் எஃப்ஆர்4ல ஒரு சௌகரியம், சர்ஃபேஸ் வேவ்ல டிஇ, டிஎம்னு ரெண்டு வகை உண்டு, டிஇ வகை ஓட ஆரம்பிக்கறதே 25 கிகாஹெர்ட்ஸ் கிட்டதான், அதனால 5.8ல டிஎம்0ங்கற அடிப்படை வகை ஒண்ணுதான் ஓடும். இதுக்கு கட்ஆஃப், அதாவது அதுக்கு கீழ ஓடாதுங்கற எல்லை, கிடையாது, எவ்வளவு மெல்லிசான போர்டா இருந்தாலும் கொஞ்சமாவது ஓடும். அதுல எலக்ட்ரிக் ஃபீல்டு பெரும்பாலும் போர்டுக்கு செங்குத்தா நிக்கும், மேக்னடிக் ஃபீல்டு போர்டுலயே படுத்துக்கிட்டு போற திசைக்கு குறுக்கா இருக்கும். பேட்ச் இத முக்கியமா ஈ-பிளேன் பக்கம்தான் தள்ளி விடும். இந்த நாலு வரியத்தான் எந்த ஸ்ட்ரக்சர் வெக்கறதுன்னு முடிவு பண்றப்ப திரும்ப திரும்ப பாக்கப் போறோம்.

முதல் ஆயுதம்: மஷ்ரூம்

1999ல சீவன்பைப்பர் கலிஃபோர்னியாவுல யுசிஎல்ஏல பண்ணது இது. சின்ன சின்ன சதுர செம்பு தகடு, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல கிரவுண்டுக்கு இறங்கற ஒரு வயா (உலோகம் பூசின துளை), பக்கத்துலேர்ந்து பாத்தா காளான் மாதிரி இருக்கறதால அந்தப் பேரு. தகடுகளுக்கு நடுவுல இருக்கற இடுக்கு கெபாசிடர், வயாவும் கிரவுண்டும் சேர்ந்து இண்டக்டர், ரெண்டும் ரெசனன்ஸ் ஆகற இடத்துக்கு பக்கத்துல சர்ஃபேஸ் வேவ் ஓடவே முடியாத ஒரு பேண்டு திறக்கும். 2003ல ஃபேன் யாங்கும் யாஹ்யா ரஹ்மத் சமீயும் இத ரெண்டு பேட்ச்சுக்கு நடுவுல நாலு வரிசை வெச்சு 5.8 கிகாஹெர்ட்ஸ்ல சுமார் 8 டிபி குறைச்சு காமிச்சாங்க, இந்தத் துறையில இன்னிக்கு வரைக்கும் எல்லாரும் தொடங்கற இடம் அதுதான்.

நம்ம போர்டுக்கு கணக்கு போடுவோம். எல்ங்கறது இண்டக்டன்ஸ், மியூ நாட் பெருக்கல் போர்டு தடிமன், 1.6 எம்எம்முக்கு 2.01 நானோஹென்றி. சிங்கறது கெபாசிடன்ஸ், தகடோட அகலம் பெருக்கல் எப்சிலான் நாட் பெருக்கல் (ஒண்ணு கூட்டல் டைஎலக்ட்ரிக் கான்ஸ்டன்ட்), இத பையால வகுத்து, அதோட (அகலம் கூட்டல் இடுக்கு)ங்கறத இடுக்கால வகுத்து வர்ற நம்பரோட காஷ் இன்வர்ஸ பெருக்கணும். 5.8ல ரெசனன்ஸ் வேணும்னா சி 0.375 பிகோஃபேரட் ஆகணும், இடுக்கு 0.5 எம்எம்னு வெச்சா தகடு 7.2 எம்எம்ல அது கிடைக்குது. இது ஆரம்பப் புள்ளிதான், வயாவோட தடிமன் இந்த ஃபார்முலால கிடையாது, அதனால சிமுலேஷன்ல தகடு அகலத்த மாத்தி மாத்திதான் சரியான இடத்துக்கு கொண்டு வரணும். அகலத்த 0.2 எம்எம் குறைச்சா சுமார் 100 மெகாஹெர்ட்ஸ் மேல ஏறும்னு மனசுல வெச்சுக்கோங்க.

இப்ப இத வெக்க எடம் இருக்கான்னு பாருங்க. ஈ-பிளேன் அடுக்குல சென்டர் இடைவெளி 25.9, அதுல பேட்ச் நீளம் 11.7 கழிச்சா ஓரத்துக்கு ஓரம் 14.2 எம்எம்தான் மிச்சம். ரெண்டு வரிசை மஷ்ரூமுக்கே 14.9 வேணும். ஆக ஒரே ஒரு வரிசைதான் போகும், ஒரு வரிசையில பேண்டு கேப்னு பெரிசா எதிர்பாக்க முடியாது. யாங் பண்ணதுல டைஎலக்ட்ரிக் கான்ஸ்டன்ட் 10.2 இருக்கற போர்டு, அதுல தகடு நம்மளோடதுல பாதி சைஸுக்கும் கம்மியா சுருங்கிடும், அதான் நாலு வரிசை போச்சு, அந்த மாதிரி போர்டுல சர்ஃபேஸ் வேவும் ஜாஸ்தி, அதனால பலனும் நல்லா தெரிஞ்சுது. ரெண்டும் இல்லாத மெல்லிசு எஃப்ஆர்4ல அதே 8 டிபிய தேடறது சரியில்ல. உங்க போர்டு தடிமனா, டைஎலக்ட்ரிக் கான்ஸ்டன்ட் ஜாஸ்தியா, இடைவெளி முக்கால் அலைநீளம் பக்கமா இருந்தா மஷ்ரூம் எடுங்க, இல்லன்னா அடுத்ததுக்கு வாங்க.

ரெண்டாவது: வளையம்

ஸ்ப்ளிட் ரிங் ரெசனேட்டர், அதாவது ஒரு வெட்டு விட்ட செம்பு வளையம், 1999ல பெண்ட்ரி குடுத்தது, 2000ல சான் டியாகோவுல ஸ்மித் குழு கம்பியோட சேர்த்து வெச்சு, வெசெலாகோ 1967ல தாள்ல எழுதின, எப்சிலானும் மியூவும் ரெண்டுமே நெகட்டிவா இருக்கற மெட்டீரியல நிஜமா பண்ணி காமிச்சதுக்கு உள்ள இருந்ததும் இதே வளையம்தான். வேலை செய்யற விதம் ஊஞ்சல் மாதிரி: அதோட சொந்த தாளத்த விட வேகமா தள்ளினா ஊஞ்சல் நம்ம கைக்கு எதிர்ப்பக்கமா ஆடும். வளையத்துக்குள்ள மேக்னடிக் ஃபீல்டு ஊடுருவறப்ப, ரெசனன்ஸுக்கு கொஞ்சம் மேல இருக்கற ஃப்ரீக்வென்சில உள்ள ஓடற கரண்ட் வர்ற ஃபீல்டுக்கு எதிரா ஃபீல்டு உண்டாக்கும், அங்க அலை முன்னாடி போகாம தேஞ்சு போயிடும். அதனால வளையத்தோட ரெசனன்ஸ உங்க பேண்டுக்கு நடுவுல வெக்காதீங்க, ஒரு துளி கீழ வெச்சு பாருங்க. ஒரு வரிசையில மூணு வளையம் வெச்சுட்டு எஃபெக்டிவ் மியூ (மேக்னடிக் ஃபீல்டுக்கு மெட்டீரியல் காட்டற குணம்) நெகட்டிவ்னு கிராஃப் போடறது எனக்கு ஒப்புதலே இல்ல, மூணு வளையத்த மெட்டீரியல்னு சொல்ல முடியாது, எதிர் கரண்ட் ஓடற ரெசனேட்டர்னு சொன்னா போதும், அது ஒண்ணும் குறைச்சல் இல்ல.

இங்கதான் திசை முக்கியம். மேக்னடிக் ஃபீல்டு வளையத்த துளைச்சுக்கிட்டு போகணும். ஈ-பிளேன் அடுக்குல டிஎம்0ஓட மேக்னடிக் ஃபீல்டு போர்டுலயே படுத்திருக்குன்னு பாத்தோம், அப்ப போர்டு மேல படுக்க வெச்ச வளையத்துக்குள்ள அது நுழையவே நுழையாது. வளையம் போட்ட சின்ன போர்டுகள செங்குத்தா, அலை போற திசைக்கு இணையா நிறுத்தணும். உயரம் இருக்கற மோனோபோல் மாதிரி ஆன்டெனாவுக்கு இது அருமையா ஒத்து வரும், வாட்டர்லூ யுனிவர்சிட்டில ரமாஹி குழு 2010ல மோனோபோல்களுக்கு நடுவுல இப்படி நிறுத்தித்தான் பண்ணாங்க. மெல்லிசா இருக்க வேண்டிய போர்டுல சுவர் நிறுத்த முடியாது. ஆனா ஹெச்-பிளேன் அடுக்குல, நெருக்கத்துல இருக்கற ஃபீல்டுக்கு போர்டுக்கு செங்குத்தான மேக்னடிக் பாகம் உண்டு, அங்க படுத்த வளையம் வேலை செய்யும். அதுவும் கீழ கிரவுண்ட் முழுசா இருந்தா வளையத்தோட பிம்பக் கரண்ட் எதிரா ஓடி பாதி பலத்த சாப்பிடும், அதனால வளையத்துக்கு நேர் கீழ கிரவுண்ட்ல ஒரு ஜன்னல் திறக்கறதையும் சேர்த்து பாருங்க.

அளவுக்கு, ஒரு வெட்டு இருக்கற ஒத்தை வளையம் அதோட சுற்றளவு போர்டுல பாதி அலைநீளம் இருக்கறப்ப ரெசனன்ஸ் ஆகும். ஜன்னலுக்கு மேல இருக்கற வளையத்துக்கு எஃபெக்டிவ் கான்ஸ்டன்ட் 2.7ன்னு எடுத்தா சுற்றளவு 15.7 எம்எம், சதுரமா போட்டா பக்கம் 4 எம்எம் கிட்ட. உள்ள இன்னொரு வளையம் சேர்த்தா ஃப்ரீக்வென்சி இறங்கும், அப்ப வெளிய இருக்கறத கொஞ்சம் சின்னதாக்கணும். ஹெச்-பிளேன்ல ஓரத்துக்கு ஓரம் 10.2 எம்எம் இருக்கு, 4 எம்எம் வளையம் தாராளமா போகும், சென்டர் இடைவெளிய 22 எம்எம் வரைக்கும் குறைச்சா கூட இடம் இருக்கு. மஷ்ரூமால முடியாதது இதுதான்.

ஈ-பிளேன்ல மெல்லிசு போர்டுலயே பண்ணணும்னா வளையத்த தலைகீழாக்கணும், செம்புல வளையம் போடாம கிரவுண்ட்ல இருக்கற செம்ப வளைய வடிவத்துல சுரண்டி எடுக்கறது, காம்ப்ளிமென்ட்ரி ஸ்ப்ளிட் ரிங். இத தூண்டறது செங்குத்தான எலக்ட்ரிக் ஃபீல்டு, டிஎம்0ல இருக்கறது அதேதான், கிரவுண்ட்ல ஓடற கரண்டையும் இது நேரா அறுக்கும். ரெண்டு வேலையும் ஒண்ணா நடக்கறதால டிபி கணக்குல இதுதான் பல சமயம் நல்லா தெரியும். விலை என்னன்னா கிரவுண்ட்ல ஓட்டை போட்டாச்சு, பின்பக்கம் ரேடியேஷன் கசியும், ஃப்ரண்ட் டு பேக் ரேஷியோ (முன்பக்கம் போற பவருக்கும் பின்பக்கம் போறதுக்கும் உள்ள விகிதம்) விழும். போர்டுக்கு பின்னாடி பேட்டரியோ உலோகப் பெட்டியோ ஒட்டி வர்ற ப்ராடக்ட்னா இத எடுக்கறதுக்கு முன்னாடி யோசிங்க, பின்னாடி உலோகம் வந்த உடனே ரெசனன்ஸே நகர்ந்துடும்.

காத்து வழிதான் பெரிசுன்னு டெஸ்ட்ல தெரிஞ்சா நடுவுல எத வெச்சும் பெரிசா பிரயோஜனம் இல்ல, மேல வெக்கணும். ஹாங்காங் சைனீஸ் யுனிவர்சிட்டில வூ குழு 2017ல குடுத்த டீகப்ளிங் சர்ஃபேஸ் இந்த வகை: ஆன்டெனாக்களுக்கு மேல கொஞ்சம் உயரத்துல ஒரு மெல்லிசு போர்டு, அதுல சின்ன செம்பு துண்டுகள், அதுல பட்டு திரும்பி வர்ற அலை ஏற்கனவே இருக்கற கப்ளிங்குக்கு சமமா, எதிர் பேஸ்ல இருந்தா ரெண்டும் அடிச்சுக்கும். திரும்பி வர்ற அலையோட பேஸ் உயரத்தப் பொறுத்தது, அதோட வலு துண்டோட சைஸப் பொறுத்தது. முன்னாடி குறிச்சு வெக்கச் சொன்ன எஸ்21 பேஸ் இங்கதான் தேவைப்படும்.

சிமுலேஷன்

சாஃப்ட்வேர் ஏச்எஃப்எஸ்எஸ், சிஎஸ்டி எது இருந்தாலும் சரி, ரெண்டுக்கும் ஸ்டூடன்ட் எடிஷன் உண்டு, ஓப்பன்இஎம்எஸ் முழுசா இலவசம். முதல்ல ஒத்தை வளையத்த மட்டும் ஒரு பெட்டிக்குள்ள வெச்சு ஓட்டுங்க, வளையத்த மேக்னடிக் ஃபீல்டு துளைக்கற பக்கம் ரெண்டு சுவர் மேக்னடிக் வால், எலக்ட்ரிக் ஃபீல்டு முட்டற பக்கம் ரெண்டு சுவர் எலக்ட்ரிக் வால், மிச்ச ரெண்டும் போர்ட். எஸ்21 எங்க குழி விழுதோ அங்க ரெசனன்ஸ். மஷ்ரூமுக்கு ஐகன்மோட் சால்வர்ல டிஸ்பர்ஷன் கிராஃப் (எந்த ஃப்ரீக்வென்சில அலை ஓடும், எதுல ஓடாதுன்னு காட்டறது) போடணும். அப்புறம்தான் ஆன்டெனாவுக்கு நடுவுல வெக்கணும், வரிசையா வெச்சதும் வளையங்களுக்குள்ளயே கப்ளிங் ஆகி ஃப்ரீக்வென்சி நகரும், பயப்பட வேண்டாம், திரும்ப ட்யூன் பண்ணுங்க. பேட்ச்சோட ரெசனன்ஸும் நகரும், அதோட நீளத்தையும் சரி பண்ணி எஸ்11 (போர்ட்டுக்கே திரும்பி வர்ற பவர்) குழி பழைய இடத்துக்கு வந்த பிறகுதான் எஸ்21 ஒப்பிடணும், ஏன்னா ஆன்டெனா டீட்யூன் ஆனாலே பவர் உள்ள போகாம எஸ்21 தானா குறையும், அது டீகப்ளிங் இல்ல. இடத்த சின்ன செல்லா பிரிச்சு நேரத்துல ஓட்டற எஃப்டிடிடி சால்வர்ல இடுக்குக்குள்ள நாலு செல்லாவது இருக்கட்டும், ரெசனேட்டர் எனர்ஜிய பிடிச்சு வெச்சுக்கும்கறதால ரன்ன பாதியில நிறுத்தினா எஸ்21ல அலை அலையா பொய் வரும்.

எல்லாத்தையும் விட முக்கியமான செக் இது. எஃப்ஆர்4ஓட லாஸ் டேஞ்சன்ட், அதாவது போர்டு எவ்வளவு பவர சூடா தின்னுதுங்கற அளவு, 0.02 பக்கம். ரெசனன்ஸ் ஆகற வளையம் அந்த போர்டுல பவர எரிச்சு சூடாக்கவும் செய்யும், பக்கத்து போர்ட்டுக்கு போகாம வளையத்துல எரிஞ்சாலும் எஸ்21 அழகா இறங்கும். அதனால வளையம் இல்லாம, வளையத்தோட ரெண்டுலயும் ரேடியேஷன் எஃபிஷியன்சி எடுத்து பக்கத்துல பக்கத்துல வெச்சு பாருங்க. அப்புறம் லாஸ சைபர் ஆக்கி ஒரு ரன், அதுல எஸ்21 குழி அப்படியே இருந்தா அது நிஜமான டீகப்ளிங், காணாம போனா நீங்க பண்ணது அட்டெனுவேட்டர். இதே காரணத்தால எஸ்11, எஸ்21 மாதிரி எஸ் பாராமீட்டர்லேர்ந்து கணக்கு போடற ஈசிசிய (ரெண்டு ஆன்டெனாவோட பேட்டர்ன் எவ்வளவு ஒத்துப்போகுதுங்கற அளவு) நம்பி மைமோ நல்லா இருக்குன்னு எழுதாதீங்க, அந்த ஃபார்முலா லாஸே இல்லாத ஆன்டெனாவுக்குத்தான் செல்லும், ஃபார் ஃபீல்டு பேட்டர்ன்லேர்ந்து போடுங்க. எஃபிஷியன்சி விழுதுன்னா லாஸ் டேஞ்சன்ட் 0.003க்கும் கீழ இருக்கற ரோஜர்ஸ் 4003 மாதிரி போர்டுக்கு போறதுதான் தீர்வு.

போர்டு அடிக்கறது, அளக்கறது

எஃப்ஆர்4ல கான்ஸ்டன்ட் 4.4க்கு பதிலா 4.2 வந்தா பேட்ச், மஷ்ரூம் ரெண்டுமே கிட்டத்தட்ட 100 மெகாஹெர்ட்ஸ் சொச்சம் ஒண்ணா மேல ஏறும், ஜோடியா நகர்றதால அவ்வளவு மோசமில்ல. மோசமானது எட்ச்சிங். ஒவ்வொரு ஓரத்துலயும் 0.05 எம்எம் ஜாஸ்தியா அரிச்சா தகடு 7.1, இடுக்கு 0.6 ஆயிடும், ரெசனன்ஸ் 5.8லேர்ந்து 6 கிகாஹெர்ட்ஸுக்கு போயிடும், பேட்ச் அந்த அளவு நகராது, நம்ம பேண்டோ மொத்தமே 150 மெகாஹெர்ட்ஸ். அதனால வீட்டுல ஃபெரிக் குளோரைடுல அரிக்கறதுக்கு பதிலா இத வெளியில குடுத்து அடிங்க, இடுக்கு 0.2 எம்எம்முக்கு கீழ போகற டிசைன் வேண்டாம், ஒரே பேனல்ல வளையம் 2 சதவீதம் சின்னதா ஒண்ணு, சரியா ஒண்ணு, 2 சதவீதம் பெரிசா ஒண்ணு, வளையமே இல்லாம ஒண்ணுன்னு நாலு போர்டு போட்டுடுங்க. வளையம் இல்லாத போர்டுக்கும் அதே கிரவுண்ட் சைஸ், அதே இடைவெளி இருக்கணும், அப்பதான் ஒப்பிடறது நியாயம்.

அளக்க, பழைய சின்ன நானோவிஎன்ஏ 5.8 வரைக்கும் வராது, வி2வும் 3 கிகாஹெர்ட்ஸோட நின்னுடும், லைட்விஎன்ஏ 6 தாண்டும். -30க்கு கீழ போற எஸ்21ல அது காமிக்கற நம்பர ரொம்ப நம்ப வேண்டாம், ரெண்டு போர்ட்டையும் 50 ஓம் போட்டு மூடி நாய்ஸ் ஃப்ளோர் எங்க இருக்குன்னு முதல்ல பாத்துக்கோங்க. காலிபரேஷன் கேபிள் நுனியில பண்ணணும். அளந்துக்கிட்டு இருக்கறப்ப கேபிள கையால பிடிச்சு பாருங்க, எஸ்21 ஆடினா கேபிளோட வெளித்தோல்ல கரண்ட் ஓடுது, நீங்க அளக்கறது ஆன்டெனாவ மட்டும் இல்ல, கேபிள போர்டுக்கு செங்குத்தா பின்பக்கம் இறக்கி ஃபெர்ரைட்டோ அப்சார்பரோ மாட்டிட்டு திரும்ப எடுங்க.

எஃபிஷியன்சிய சேம்பர் இல்லாமயும் ஓரளவு சோதிக்கலாம். நம்ம ரெண்டு பேட்ச்சும் சேர்ந்து 42 எம்எம்தான், ஃபார் ஃபீல்டு 7 சென்டிமீட்டர்லயே தொடங்கிடும், அதனால 1 மீட்டர் தள்ளி ஒரு மூணாவது ஆன்டெனா வெச்சு, வளையம் இருக்கற போர்டையும் இல்லாததையும் அதே ஸ்டாண்டுல மாத்தி மாத்தி வெச்சு, அளக்காத போர்ட்ல 50 ஓம் மாட்டி, எவ்வளவு டிபி வித்தியாசம்னு பாருங்க. நேர் எதிர்ல மட்டும் பாத்தா போதாது, போர்ட சுத்தி சுத்தி பின்பக்கம் உட்பட பல கோணத்துல எடுங்க, கிரவுண்ட்ல சுரண்டின டிசைன்னா பின்பக்கம்தான் முக்கியம். கடைசியா அந்த ப்ராடக்ட்டோட பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள போட்டு எல்லாத்தையும் இன்னொரு தடவை அளங்க, பிளாஸ்டிக் கிட்ட வந்தா பேட்ச்சும் வளையமும் ரெண்டுமே கீழ இறங்கும், ஆனா ஒரே அளவுக்கு இறங்காது, பெட்டியோட சேர்த்து 5.725லேர்ந்து 5.875 முழுக்க குழி நிக்குதான்னு பாத்துட்டு நாலு போர்டுல எது சரியோ அத எடுத்துக்கோங்க.